ஆடிக் காற்றில் ஒன்பது குழிகள்

தோவாளையைத் தாண்டி ஆரல்வாய்மொழிக்குப் போகும் சாலையிலிருந்து சற்று உள்ளே என் அத்தானுக்கு ஒரு தென்னை விளை இருக்கிறது. வெளிநாட்டில் வேலை பார்த்த காலத்தில், டிஸ்க் எனப்படும் தட்டை எறிந்து, முடிந்தவரை குறைந்த வீச்சுகளில் இலக்கில் சேர்க்கும் டிஸ்க் கால்ஃப் விளையாட்டைப் பழகிய அவர், ஊர் திரும்பிய கையோடு அந்த விளைக்குள்ளேயே ஒன்பது குழிகளை அமைத்துவிட்டார். குழி என்பது பேச்சுக்குத்தான். தோண்டிய பள்ளம் எதுவும் கிடையாது. இரும்புக் கம்பத்தில் ஒரு கூடையும், அதற்கு மேலே ஒரு வளையத்திலிருந்து தொங்கும் சங்கிலிகளும்தான் இலக்கு. 1970-களின் நடுவில் கலிபோர்னியாவில் எட் ஹெட்ரிக் இந்தச் சங்கிலிக் கூடையை உருவாக்குவதற்கு முன்பு மரங்களையும் கம்பங்களையும் குறிவைத்தே எறிந்தார்களாம். அத்தானின் கூடைகளோ பழைய சைக்கிள் ரிம்மையும் மாடு கட்டும் சங்கிலியையும் கொண்டு ஊர் வெல்டிங் பட்டறையில் பிறந்தவை. முதலில் ஆறு சங்கிலிகள் மட்டும் தொங்கவிட்டதில் டிஸ்க் நடுவே நுழைந்து மறுபக்கம் போய்விட்டதால், பிறகு பன்னிரண்டாக்கினாராம்.

சென்ற ஆடி மாதத்தில் நான் அங்கே முதல்முறையாக ஆடினேன். அம்மியையே பறக்கவைக்கும் என்று சொல்லப்படும் காற்றுக்கு 175 கிராம் எடையுள்ள ஒரு தட்டு எம்மாத்திரம் என்பதை நான்காவது குழியில் தெரிந்துகொண்டேன். கூடை ஏறத்தாழ எண்பது மீட்டர் தொலைவில், நேர் மேற்கே இருந்தது. ஆரல்வாய்மொழிக் கணவாயை நோக்கிப் பாயும் காற்று முகத்தில் அறைந்தது. கல்லூரி நாட்களில் வேகப்பந்து வீசிய தெம்பில், இருந்ததிலேயே விளிம்பு மெல்லிய டிரைவரை, அதாவது தொலைதூர வீச்சுக்கான டிஸ்கை, எடுத்து முழு பலத்தோடு வீசினேன். வலக்கையை மார்புக்குக் குறுக்கே இழுத்து வீசும்போது, டிஸ்க் வேகம் குறையக் குறைய இடப்பக்கம் சாய்ந்து இறங்குவதுதான் வழக்கம். எதிர்க்காற்றில் அது உணரும் காற்றின் வேகம் கூடிவிடுவதால், எறிந்தவுடனேயே வலப்பக்கம் கவிழ்ந்து, அடுத்த விளையின் வாழைகளுக்குள் புகுந்துவிட்டது. தேடுவதற்கு மூன்று நிமிடம்தான் விதி. நல்லவேளையாக, மாட்டுக்குப் புல்லறுத்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி அதை எடுத்துத் தந்து, சாப்பிடுகிற தட்டை ஏன் எறிகிறீர்கள் என்று கடிந்துகொண்டார்.

விளையின் எல்லையைத் தாண்டியதற்குத் தண்டமாகக் கணக்கில் ஒரு வீச்சு சேர்த்துக்கொண்டு மீண்டும் வீசினேன். இம்முறை டிஸ்கின் முன்விளிம்பு சற்றே உயர்ந்துவிட்டது போலும். காற்று அடியில் புகுந்து அதை அப்படியே மேலே தூக்கி, ஒரு தென்னையின் கொண்டையில், மட்டைகளுக்கிடையே பத்திரமாக வைத்தது. கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் அதன் ஆரஞ்சு விளிம்பு மட்டும் செவ்விளநீர் போலத் தெரிந்தது. இரண்டு மீட்டருக்கு மேல் சிக்கினால் தண்டம் போடலாம் என்றும் விதி உண்டாம். போட்டி நடத்துபவரின் விருப்பம். அத்தான் அன்று விருப்பப்பட்டார்.

அவர் ஆடியதைப் பார்க்கத்தான் வேண்டும். டிரைவரைத் தொடவேயில்லை. கூடைக்கு அருகிலிருந்து எறிவதற்கான, விளிம்பு தடித்த பட்டர் என்ற டிஸ்கை எடுத்து, இடுப்பு உயரத்துக்கு மேல் எழாதபடி, பாதி பலத்தில் தள்ளினார். தென்னந்தூர்களுக்கு நடுவே அது நூல் பிடித்தாற்போல் ஊர்ந்து சென்று கூடைக்குப் பத்தடி முன்னால் விழுந்தது. திரும்பி வரும் குழிகளில் காற்று முதுகுப் பக்கம் இருந்ததால் எளிதாக இருக்கும் என்று நினைத்தேன். அங்கேயும் ஏமாந்தேன், பின்காற்றில் டிஸ்கை மேலே தூக்கிப்பிடிக்கும் விசை குறைந்து, அது சீக்கிரமே தரையைத் தொட்டது.

குழிக்கு மூன்று வீச்சு வீதம் பார், அதாவது எதிர்பார்க்கப்படும் மொத்த எண்ணிக்கை, 27. அத்தான் 29, நான் 46.

தென்னையில் சிக்கிய டிஸ்க் அடுத்த தேங்காய் வெட்டுக்கு ஆள் ஏறியபோதுதான் இறங்கியது. குலைகளை வெட்டிப்போட்டு இறங்கிய அண்ணன் அதைத் துடைத்து நீட்டி, "இது எந்தப் பானைக்கு உள்ள மூடி?" என்று கேட்டாராம். கூலிக் கணக்கில் அத்தான் அதையும் ஒரு தேங்காயாகச் சேர்த்து, பணத்தை என்னிடம் வாங்கிக்கொண்டார்.