குடல் அழற்சி நோயுள்ள இளையோரிடம் சிகிச்சை அனுபவத்தை எப்படிக் கேட்பது?

கேள்வி: செவிலியர் முதுநிலை மாணவி, இங்கிலாந்து

வணக்கம். குரோன் நோயோ பெருங்குடல் புண் நோயோ உள்ள 16 முதல் 21 வயது வரையிலான பன்னிரண்டு பேரை நேர்காணல் செய்து, குழந்தைகள் பிரிவிலிருந்து பெரியவர்கள் பிரிவுக்கு மாறிய காலத்தில் மருத்துவமனை தங்களை எப்படி நடத்தியது என்று அவர்கள் கருதுகிறார்கள் என்பதை என் ஆய்வேட்டுக்காகப் பதிவுசெய்து வருகிறேன். அறநெறிக் குழுவின் அனுமதி கிடைத்த பிறகு பேசிய முதல் இருவருமே, எதைக் கேட்டாலும் நன்றாகக் கவனித்தார்கள் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். அவர்களில் ஒருவருக்கு அருகில் அமர்ந்திருந்த அம்மாவே பாதிக் கேள்விகளுக்குப் பதில் சொன்னார். 35 கேள்விகள் கொண்ட இம்பேக்ட்-3 வினாநிரலையும் சேர்த்துக்கொண்டால் குறை தீருமா, அல்லது என் கேள்விகளே பிழையா?

மறுமொழி: பண்புசார் ஆய்வில் பணிபுரிபவர்

இம்பேக்ட்-3 நல்ல கருவிதான். ஆனால் நோயோடு வாழும் வாழ்க்கையின் தரத்தை அளப்பதற்காகச் செய்யப்பட்டது. மருத்துவமனையில் ஒருவர் எப்படி நடத்தப்பட்டார் என்பது வேறு செய்தி. வயிற்றுவலி குறைந்து மதிப்பெண் உயர்ந்த ஒருவரிடம், மருத்துவர் ஒரு முறைகூட அவர் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை என்ற குறை இருக்கக்கூடும். அதை அந்த எண் காட்டாது.

திருப்தியைக் கேட்டால் நன்றிதான் பதிலாக வரும். மருந்து கொடுத்து எழுப்பி உட்காரவைத்தவர்களைக் குறை சொல்ல யாருக்கு மனம் வரும்? அதனால் ஒரு நாளைக் கேளுங்கள். பெரியவர்கள் பிரிவுக்கு முதன்முதலாகப் போன நாளில் வீட்டிலிருந்து கிளம்பியது முதல் திரும்பியது வரை என்ன நடந்தது என்று கேட்டால், குறையும் நிறையும் தானாகவே வெளிவரும். இங்கிலாந்தில் மருத்துவ, சமூகப் பராமரிப்பு வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பின் 2016ஆம் ஆண்டு வழிகாட்டுதல், மாற்றத்துக்கான திட்டமிடல் 13 அல்லது 14 வயதிலேயே தொடங்க வேண்டும் என்றும், பெயர் குறிப்பிடப்பட்ட ஒரு பணியாளர் மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ஆறு மாதமாவது துணைநிற்க வேண்டும் என்றும் கூறுகிறது. ஆனால், அப்படி ஒருவர் இருந்தாரா என்று நேரடியாகக் கேட்காதீர்கள். அவர்கள் சொல்லும் கதையில் அப்படியொருவர் தென்படுகிறாரா என்று பாருங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. மருத்துவமனை வழியாக மட்டும் ஆள் தேடினால், மருத்துவமனைக்கு வருவதையே நிறுத்திவிட்டவர்கள் உங்கள் ஆய்வில் இருக்கமாட்டார்கள். மாற்றக் காலத்தைப் பற்றி அதிகம் சொல்லக்கூடியவர்களோ அவர்கள்தாம். மேலும், நீங்கள் செவிலியர் என்பதால், நோயை அடக்கிவைக்கும் அசதியோப்ரின் மாத்திரையை யாருக்கும் தெரியாமல் நிறுத்திவிட்டதாக யாரேனும் உங்களிடம் சொல்லக்கூடும். அப்போது என்ன செய்வீர்கள் என்பதைப் பங்கேற்பாளர்களுக்குத் தரும் தகவல் தாளில் முன்கூட்டியே எழுதிவையுங்கள்.

மறுமொழி: 14 வயதிலிருந்து பெருங்குடல் புண் நோயுடன் வாழ்பவர்

எனக்கு இப்போது 26 வயது. முந்தைய மறுமொழி சொல்லும் ‘ஒரு நாள்’ எனக்கு எது என்று யோசித்தேன். குழந்தைகள் மருத்துவமனையில் எனக்கு எல்லாக் கொலோனோஸ்கோப்பியும் (பெருங்குடலுக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்க்கும் பரிசோதனை) முழு மயக்கத்தில்தான் நடந்தது. பெரியவர்கள் பிரிவில் முதல் முறை போனபோது, லேசான உறக்க மருந்து மட்டும் கொடுத்து, திரையில் என் குடலே எனக்குத் தெரியும்படி செய்தார்கள். அங்கே அது வழக்கமான நடைமுறை என்றும், யாரும் தவறு செய்யவில்லை என்றும் பின்னர் அறிந்துகொண்டேன். ஆனால் இரண்டு பிரிவுகளுக்கும் இடையில் இருந்த ஒருவர்கூட அதை எனக்கு முன்பே சொல்லவில்லை. மருத்துவமனை அனுப்பிய கருத்துப் படிவத்தில் அன்றைக்கு நான் ‘மிக நன்று’ என்றுதான் குறியிட்டேன்.

இன்னொன்று: இணையவழி நேர்காணல் என்றால், கேமராவை அணைத்துவிட்டுப் பாதியில் எழுந்து போகலாம் என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்பது எங்களுக்குப் பள்ளிக்கூடத்தோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம்.

மறுமொழி: குரோன் நோயுள்ள 17 வயது மகனின் தாய், இங்கிலாந்து

அருகில் அமர்ந்து பதில் சொன்ன அந்த அம்மாவின் இடத்தில் நானும் இருந்திருக்கிறேன் என்பதால் எழுதுகிறேன். என் மகனுக்கு 12 வயதில் நோய் கண்டறியப்பட்டபோது, எட்டு வாரம் திட உணவே இல்லாமல் மருத்துவ ஊட்டச்சத்துப் பானம் மட்டும் கொடுத்துக் குடலை ஆற்றும் சிகிச்சையைத் தொடங்கினார்கள். அவன் குடிப்பதைப் பார்த்துக்கொண்டு சாப்பிட எங்களுக்கு மனம் வரவில்லை. அந்த எட்டு வாரமும் வீட்டில் நான் தாளிக்கவே இல்லை. கடந்த ஆண்டு அவன் சொன்னான்: பானத்தைவிட, அவனுக்காக வீடே மௌனமானதுதான் அவனுக்குக் கஷ்டமாக இருந்ததாம். நான் அருகில் இருந்திருந்தால் இதை அவன் யாரிடமும் சொல்லியிருக்கமாட்டான். எங்களை வெளியே அனுப்புங்கள். ஆனால் மரியாதையாக அனுப்புங்கள். ஐந்து ஆண்டுகளாக மருந்துப் பட்டியலை மனப்பாடமாக வைத்திருப்பவர்கள் நாங்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. வினாநிரலை விட்டுவிட்டு, ‘முதல் நாள்’ கேள்வியை மையமாக வைத்து நேர்காணல் வழிகாட்டியைத் திருத்தி எழுதுகிறேன். 16 வயதானவர்கள் தாங்களே ஒப்புதல் தரலாம் என்பதால் நேர்காணலைத் தனியாக நடத்துவதில் சிக்கல் இல்லை. பெற்றோர் விரும்பினால் அவர்களோடு தனியே இருபது நிமிடம் பேசுவதற்கு அறநெறிக் குழுவிடம் திருத்த அனுமதி கோரவிருக்கிறேன். ஓர் ஐயம் மட்டும் எஞ்சியிருக்கிறது: அம்மா இருந்தால்தான் பேசுவேன் என்று பங்கேற்பாளரே சொன்னால்?

மறுமொழி: பண்புசார் ஆய்வில் பணிபுரிபவர்

அப்படியே நடத்துங்கள். யார் எந்தக் கேள்விக்குப் பதில் சொன்னார் என்பதையும், எந்தக் கேள்வியில் பிள்ளை அம்மாவைத் திரும்பிப் பார்த்தார் என்பதையும் எழுத்துப்படியில் குறித்துவையுங்கள்; பெரியவர்கள் பிரிவின் மருத்துவர் முன்னால் அவர் எப்படி இருந்திருப்பார் என்பதற்கு அதுவும் ஒரு தரவுதான்.