பெட்டியில் இரிடியம் என்று போட்டிருந்தால் போதுமா?

பைக் இன்ஜினில் பொறி விழச்செய்யும் ஸ்பார்க் பிளக்கின் பெட்டியில் 'இரிடியம்' என்ற உலோகத்தின் பெயரைப் பார்த்ததும் இனி நெடுநாளைக்குக் கவலையில்லை என்று நினைப்பவர்கள் பலர். நான் கண்டது சற்று வேறு.

நிக்கல் பிளக்கை எடுத்துவிட்டு இரிடியம் மாட்டியதும் ஸ்டார்ட் ஆவது எளிதாகிவிட்டது, உண்மைதான். நிக்கல் பிளக்கின் மைய எலக்ட்ரோடு (பொறி பாயும் நடு முனை) ஏறத்தாழ 2.5 மி.மீ. தடிமன், இரிடியத்தில் 0.4 அல்லது 0.6 மி.மீ. முனை மெலிந்தால் குறைந்த மின்னழுத்தத்திலேயே பொறி பாய்ந்துவிடும். நிக்கல் உருகுவது 1,455 டிகிரி செல்சியஸில், இரிடியம் உருகுவது 2,446 டிகிரியில். அதனால்தான் அவ்வளவு மெல்லிய முனை தாக்குப்பிடிக்கிறது. மைலேஜ் கூடியதா என்று கேட்டால், எனக்குக் கூடவில்லை.

ஆனால் ஆயுள்? அந்தப் பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மைய முனை புதிது போல இருந்தது. அதற்கு நேர் எதிரே வளைந்து நிற்கும் பக்க எலக்ட்ரோடில் சின்னதாக ஒரு பள்ளம் விழுந்திருந்தது. அந்தப் பக்கம் வெறும் நிக்கல்தான்! எந்தப் பக்கம் தேய்ந்தாலும் பொறி தாண்டவேண்டிய இடைவெளி அகலத்தானே செய்யும்? அடுத்த முறை, பக்க எலக்ட்ரோடிலும் பொட்டு வைத்தாற்போல் பிளாட்டினம் பற்றவைத்த வகையாகத் தேடி வாங்கினேன். நீண்ட ஆயுளுக்குக் காசு கொடுப்பதென்றால் அதற்குத்தான் கொடுக்க வேண்டும்.

பைக்கில் பிளக் சீக்கிரம் தேய்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பல நான்கு ஸ்ட்ரோக் பைக்குகளில் இன்ஜினின் ஒவ்வொரு சுற்றுக்கும் பொறி விழுகிறது. எரிவதற்குத் தேவையானது இரண்டு சுற்றுக்கு ஒன்றுதான். 6,000 ஆர்பிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு 6,000 சுற்றில், நொடிக்கு 100 பொறி, அதில் பாதி வீண்.

நண்பர் ஒருவரின் பழைய பைக் கதை வேறு. பிஸ்டன் ரிங் தேய்ந்து இன்ஜின் ஆயில் குடித்துக்கொண்டிருந்தது. விலை உயர்ந்த பிளக்கும் சில வாரங்களில் கன்னங்கரேலென்று ஈரப் பிசுக்கோடு வெளியே வந்தது. அப்படிப்பட்ட வண்டிக்கு ரிங் மாற்றும்வரை மலிவான நிக்கலே மேல்.

பிளக் தன் சூட்டை எவ்வளவு வேகமாக வெளியேற்றும் என்பதைக் காட்டும் வெப்ப எண்ணையும் கவனியுங்கள். வேகமாக வெளியேற்றினால் 'குளிர்ச்சியான' பிளக், மெதுவாக என்றால் 'சூடான' பிளக். என்ஜிகே நிறுவனத்தின் பிளக்கில் எண் கூடினால் பிளக் குளிர்ச்சியானது. போஷ் நிறுவனத்தின் பிளக்கில் எண் கூடினால் சூடானது. எண்ணை மட்டும் பார்த்து ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை மாட்டக் கூடாது. கடைக்காரர் எடுத்துக் கொடுத்தாலும் வண்டியின் கையேட்டோடு ஒப்பிட்டுவிடுவது என் வழக்கம்.

நெடுநாள் உழைக்கும் பிளக்கிலும் ஒரு தொல்லை இருக்கிறது: யாரும் கழற்றிப் பார்ப்பதில்லை. இன்ஜினின் அலுமினிய ஹெட்டில் மரை இறுகிப்போய், கழற்றும்போது மரையும் சேர்ந்து உரிந்து வந்த வண்டியை நேரில் பார்த்திருக்கிறேன். சர்வீஸுக்கு ஒரு முறை, இன்ஜின் ஆறிய பிறகு, கழற்றிப் பார்த்து மாட்டுகிறேன். மைய முனையைச் சுற்றியுள்ள பீங்கான் இளம் பழுப்பாக இருந்தால் திருப்தி. இரிடியம் முனையைக் கம்பி பிரஷால் தேய்ப்பது மட்டும் வேண்டாம், உடைந்துவிடும்.

ஒரே சிலிண்டரில் இரண்டு பிளக் உள்ள வண்டி வைத்திருப்பவர்கள், இரண்டும் ஒரே அளவில் தேய்கின்றனவா என்று எழுதுங்களேன்.