புதுப்பிப்பு: அப்பத்தா கண்ணுக்குத் தெரியும் பிள்ளைகள்

போன மாதம் எழுதியிருந்தேனே, 82 வயது அப்பத்தாவுக்குச் சாயங்காலமானால் திண்ணையில் பச்சைப் பாவாடை கட்டிய குட்டிப் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருப்பது தெரிகிறது, சொந்தக்காரர்கள் மந்திரிக்கச் சொல்கிறார்கள், என்ன செய்வது என்று. கண் டாக்டரிடம் போய்விட்டு வந்தோம். பேயும் இல்லை, புத்தியும் பேதலிக்கவில்லை. இதற்குப் பெயர் சார்லஸ் பானே சிண்ட்ரோம். விழித்திரையின் நடுப்பகுதி கெட்டுப்போனதால் மூளைக்குப் போக வேண்டிய காட்சி சரியாகப் போவதில்லை, சும்மா இருக்க முடியாத மூளை தானே படம் போட்டுக்கொள்கிறது. 1760லேயே பானே என்ற சுவிஸ்காரர், கண்புரை வந்த தன் தாத்தாவின் கண்ணுக்கு இதே மாதிரித் தெரிந்த, நிஜத்தில் இல்லாத ஆட்களையும் பறவைகளையும் பற்றி எழுதிவைத்திருக்கிறார்.

டாக்டர் முதலில் கேட்டது, "அதுங்க பேசுதா பாட்டி?" "எங்க பேசுது, காபி வேணுமான்னு கேட்டாக்கூட பதில் இல்ல" என்றார் அப்பத்தா. இதில் சத்தம் கேட்காதாம், பார்ப்பது நிஜமில்லை என்பதும் அவர்களுக்கே புரியுமாம். குரல் கேட்டாலோ, ஆள் அடையாளம் குழம்பினாலோ, காய்ச்சலோடு திடீரென்று உளறினாலோ கதையே வேறு, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். (சிறுநீர்த் தொற்று, புது மாத்திரைகூட வயதானவர்களை அப்படி ஆக்கும்.)

மருந்து எதுவும் தரவில்லை. பிள்ளைகள் தெரிந்தால் விளக்கைப் போடு, கண்ணை இடமும் வலமும் ஓட்டு, அவ்வளவுதான். ஆபத்து என்று பார்த்தால் போன வாரம் நடந்ததுதான்: இல்லாத பிள்ளையை மிதித்துவிடக் கூடாதென்று விலகி, படியில் தடுமாறிவிட்டார். சரி, இப்போது கைப்பிடி வைத்தாகிவிட்டது. மந்திரிக்கச் சொன்ன சித்தப்பாவுக்குத்தான் இன்னும் நம்பிக்கை வரவில்லை.