பில்டர் மேல் எல்லோரும் சேர்ந்து ஒரே வழக்கு போட முடியுமா?

கொளத்தூர்வாசி:
சென்னைப் புறநகரில் ஒரு அடுக்குமாடித் திட்டத்தில் வீடு புக் செய்திருக்கிறோம். சாவி தருவதாகச் சொன்ன தேதி எப்போதோ போய்விட்டது. லிஃப்ட் குழி திறந்தே கிடக்கிறது, நீச்சல் குளம் வரவேண்டிய இடத்தில் ஜல்லியைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். இ.எம்.ஐ. ஒரு பக்கம், வாடகை ஒரு பக்கம். தனித்தனியாகப் போய்க் கேட்டால் "அடுத்த மாசம் சார்" என்று காபி கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். வாட்ஸாப் குழுவில் ஒருவர் அமெரிக்காவில் மாதிரி பாதிக்கப்பட்ட எல்லோருக்கும் சேர்த்து ஒரே வழக்காக கிளாஸ் ஆக்‌ஷன் போடுவோம் என்கிறார், இன்னொருவர் அதில் வக்கீலுக்குத்தான் காசு, நமக்குப் பத்து பைசா தேறாது என்கிறார். கம்பெனிக்காரர்கள் உண்மையிலேயே இதற்குப் பயப்படுவார்களா? நம் ஊரில் சட்டம் இடம் கொடுக்கிறதா?

பாரி:
பயப்படுவார்கள், சந்தேகமே வேண்டாம். ஹைதராபாத் மென்பொருள் கம்பெனி சத்யத்தின் கதையைப் பாருங்கள். 2009 ஜனவரி 7 அன்று அதன் தலைவர் ராமலிங்க ராஜு கணக்கில் காட்டிய ரொக்கத்தில் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை என்று எழுதிக் கொடுத்தார், பங்கு விலை அன்றைக்கே முக்கால் பங்குக்கு மேல் விழுந்தது. நியூயார்க் சந்தையில் அதே கம்பெனியின் பங்குப் பத்திரங்களை வாங்கியிருந்தவர்கள் அங்கே கூட்டாக வழக்குப் போட்டார்கள். 2011இல் கம்பெனி 12.5 கோடி டாலரும் கணக்குத் தணிக்கை செய்த நிறுவனத் தரப்பு 2.55 கோடி டாலரும் கொடுக்க ஒப்புக்கொண்டு சமாதானத்துக்கு வந்தன. இங்கே நம்முடைய சிறு முதலீட்டாளர்கள்? ஒரு சங்கம் அவர்களுக்காகத் தேசிய நுகர்வோர் ஆணையம், உச்ச நீதிமன்றம் என்று போய்ப் பார்த்தது, எடுபடவில்லை. ஒரே மோசடி, ஒரே கம்பெனி, ஆனால் இங்கே பங்கு வாங்கியவனுக்குச் சேர்ந்து கேட்க ஒரு வாசல் இல்லை. அப்புறம்தான் 2013 கம்பெனிச் சட்டத்தில், பங்குதாரர்கள் சேர்ந்து வழக்குப் போட வழி செய்யும் 245ஆம் பிரிவு வந்தது, அதையும் அமலுக்குக் கொண்டுவர 2016 ஆகிவிட்டது.

வக்கீலுக்குத்தான் காசு என்பது பற்றி. அமெரிக்காவில் ஜெயித்தால்தான் வக்கீலுக்குக் கூலி, தோற்றால் செலவு அவர் தலையில், அந்தக் கூலியையும் நீதிபதி பார்த்துத்தான் அனுமதிக்க வேண்டும். அப்படி ஒருவர் துணிந்து இறங்காவிட்டால் ஆளுக்கு ஐந்நூறு ரூபாய் நஷ்டத்துக்கு எவன் கோர்ட்டுக்குப் போவான்? அந்த ஐந்நூறை லட்சம் பேரிடம் எடுத்த கம்பெனி ஐந்து கோடியோடு நிம்மதியாக இருக்கும். நம் கைக்கு என்ன வந்தது என்பதைவிட அவன் கையில் இருந்து என்ன போனது என்று பாருங்கள்.

ஸ்டுட்கார்ட் சிவா:
பாரி சொல்வது இங்கே ஜெர்மனியிலும் நடந்தது. ஃபோக்ஸ்வாகன் டீசல் புகை மோசடி 2015 செப்டம்பரில் வெளியே வந்தது, அடுத்த வருடமே அமெரிக்காவில் காரைத் திரும்ப வாங்கிக்கொண்டு, அதற்கு மேல் 5,100 டாலரில் இருந்து 10,000 டாலர் வரை இழப்பீடு தருவதாக ஒப்பந்தம். கம்பெனியின் சொந்த ஊரான ஜெர்மனியில் அப்போது அப்படி ஒரு சட்டமே இல்லை. 2018 நவம்பரில்தான் நுகர்வோர் அமைப்புகள் எல்லோருக்குமாக வழக்குப் போட வழி செய்தார்கள், 2020இல் 83 கோடி யூரோவுக்கு சமாதானம். சட்டம் வருவதற்கு முன்னால் இங்கே கார் வைத்திருந்தவர்களை அவர்கள் மதிக்கவே இல்லை.

தேன்மொழி (வழக்கறிஞர்):
கொளத்தூர்வாசி சார், உங்களுக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 35(1)(சி) பிரிவு இருக்கிறது. ஒரே குறை உள்ளவர்கள் பலர் இருந்தால், நுகர்வோர் ஆணையத்தின் அனுமதியோடு ஒருவரோ சிலரோ எல்லோருக்காகவும் மனுப் போடலாம். மற்றவர்களுக்குத் தெரிய நோட்டீஸ் போகும், ஆட்கள் அதிகம் என்றால் பேப்பரில் விளம்பரம்.

ஆனால் மனு எழுதும்போதே கவனமாக இருங்கள். பெங்களூரு பில்டர் பிரிகேட் மேல் போட்ட வழக்கில் 1,134 வீடுகள் கொண்ட திட்டத்தில் 51 வீடுகளை வாங்கிய 91 பேர் எல்லோர் சார்பிலும் மனுப் போட்டார்கள். எல்லோருக்கும் ஒரே குறைதான் என்று மனுவில் காட்டவில்லை, பிளாக்குக்குப் பிளாக் தாமதம் வேறு என்று 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதைக் கூட்டு வழக்காக ஏற்க மறுத்துவிட்டது. ஆனால் கையெழுத்துப் போட்டவர்களுக்கு மட்டுமான சேர்ந்த மனுவாக நடத்தலாம் என்றும் சொன்னது, அது பெரிய ஆறுதல். உங்கள் திட்டத்தில் எந்த பிளாக்குக்கு எந்தத் தேதி என்று முதலில் ஒரு அட்டவணை போடுங்கள்.

கொளத்தூர்வாசி:
ரொம்ப நன்றி மேடம். இரண்டு பயம். பில்டர் முன்னால் நிற்கும் இரண்டு பேரைத் தனியாகக் கூப்பிட்டு பணம் கொடுத்து முடித்துவிட்டால்? அப்புறம், இரண்டு வருடத்துக்குள் மனுப் போடவேண்டும் என்கிறார்களே, எங்களுக்கு அது போய்விட்டதா?

தேன்மொழி (வழக்கறிஞர்):
35(1)(சி)யில் போனால் முன்னால் நிற்பவர் தன் இஷ்டத்துக்கு வாபஸ் வாங்கவோ சமாதானமாகவோ முடியாது, மற்ற எல்லோருக்கும் நோட்டீஸ் கொடுத்த பிறகுதான். சேர்ந்த மனுவில் அந்தப் பாதுகாப்பு கிடையாது, அதனால் ஆள் தேர்வில் உஷாராக இருங்கள். கெடுவைப் பற்றிக் கவலை வேண்டாம், வீட்டைக் கையில் கொடுக்காதவரை வழக்குக்கான காரணம் தொடர்ந்துகொண்டே இருப்பதாகத்தான் தீர்ப்புகள் சொல்கின்றன. ஒப்பந்தத்தில் ஆர்பிட்ரேஷன், அதாவது தகராறை நடுவரிடம்தான் கொண்டுபோக வேண்டும் என்று எழுதியிருந்தாலும் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகத் தடை இல்லை. இதற்கிடையில் "ஆட்சேபம் எதுவும் இல்லை" என்று ஏதாவது காகிதம் நீட்டினால் யாரும் கையெழுத்துப் போட வேண்டாம் என்று இன்றைக்கே குழுவில் சொல்லிவிடுங்கள்.