ப்ரையர் மலை காட்டுக்குதிரை போட்டோ: போன தடவை எல்லாமே பின்பக்கம்தான், எங்க தப்பு பண்றேன்?

டென்வர்காரி:

எல்லாருக்கும் வணக்கம். போன வருஷம் ஜூலைல ப்ரையர் மலைக்கு போயிட்டு வந்தேன், மொன்டானா வயோமிங் எல்லைல இருக்கு, காட்டுக்குதிரைய காட்டுலயே பாக்கணும்னு ரொம்ப நாள் ஆசை. டென்வர்ல இருந்து எட்டு மணி நேரம் ஓட்டிட்டு போய் லவல் ஊர்ல தங்கி, மறுநாள் ஒரு கைடு வண்டில மேல போனோம். குதிரை கிடைக்கலன்னு சொல்ல முடியாது, ஒரே புல்வெளில நாப்பது அம்பது நின்னுச்சு. ஆனா வீட்டுக்கு வந்து பாத்தா எடுத்த 1,400 போட்டோல முக்காவாசி பின்பக்கம், மிச்சம் தலைய கவுத்துப் போட்டு புல்லு மேயுது, முகம் தெரியுற ஒண்ணு ரெண்டுலயும் கண்ணு எங்க இருக்குன்னே தெரியாம கறுப்பா அப்பிக்கிடக்கு.

ஒரு காட்சி மட்டும் இன்னும் மனசுல இருந்து போகல. ஒரு குட்டி, பொறந்து சில வாரம்தான் இருக்கும், அம்மா வயித்துக்கு அடியில புகுந்து இந்தப் பக்கம் தலைய நீட்டி எங்கள பாத்துச்சு, மூக்கு மேல புல்லுல இருந்து ஒட்டுன தண்ணி சொட்டு சொட்டா இருந்துச்சு. நான் ரெண்டு எட்டு முன்னாடி வெச்சு காமெராவ தூக்கறதுக்குள்ள அம்மா நடந்துட்டா, குட்டியும் பின்னாலயே போயிடுச்சு.

கேனான் ஆர்7 காமெராவும் 100-400 லென்ஸும் வெச்சிருக்கேன். இந்த வருஷம் 200-800 லென்ஸ் வாங்கிட்டு போலாமான்னு யோசனை, பெரிய காசு, அதான் கேக்கறேன். லென்ஸ்தான் பிரச்சனையா? அப்புறம் இந்த தடவை கைடு இல்லாம சொந்த வண்டில போலாமா? எந்த மாசம் நல்லது? போனவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

மலைநடை:

லென்ஸ் வாங்காதீங்கம்மா, காச பத்திரமா வைங்க. உங்க கேள்விலயே பதில் இருக்கு, "ரெண்டு எட்டு முன்னாடி வெச்சு"ன்னு எழுதிருக்கீங்க பாருங்க, அந்த ரெண்டு எட்டுதான். நானும் முதல் ரெண்டு வருஷம் அப்படித்தான் பண்ணேன், குதிரை பத்தடி போனா நானும் பத்தடி போவேன், சாயங்காலம் வரைக்கும் அது நடக்கும் நான் பின்னாடி நடப்பேன், பின்னாடி நடந்தா பின்பக்கம் தவிர வேற என்ன தெரியும். குதிரை இரை விலங்கு, அந்த மலைல மலைச்சிங்கம்னு சொல்ற பூமா இருக்கு, நேரா தன்ன நோக்கி ஒண்ணு நடந்து வந்தா விலகிப் போறதுதான் அதுக்கு இயல்பு.

நீங்க நகராதீங்க, அது நகரட்டும். கோடைல மேல இருக்கிற குதிரைங்க எல்லாம் தண்ணிக்கு வந்தே ஆகணும், மேல குட்டை கொஞ்சம்தான் இருக்கு. மத்தியானத்துக்கு மேல ஒவ்வொரு குடும்பமா இறங்கி வரும். குட்டைக்கு ரொம்ப கிட்ட உக்காந்தா அதுங்க தண்ணி குடிக்காம நின்னுடும், அந்தப் பாவம் வேண்டாம், வர்ற தடத்துக்கும் தண்ணிக்கும் ஓரமா நல்லா தள்ளி ஒரு சரிவுல, காத்து உங்க முகத்துல படற மாதிரி உக்காருங்க. ஒரு மணி நேரம் ஒண்ணும் நடக்காது. அப்புறம் நீங்களும் ஒரு பாறைன்னு முடிவு பண்ணிடும், மேஞ்சுகிட்டே உங்கள நோக்கியே வரும், அப்பதான் முகம் கிடைக்கும். சட்டம் 100 அடி தள்ளி நிக்கச் சொல்லுது, ஆறேழு காரை வரிசையா நிறுத்துன தூரம்னு வெச்சுக்கங்க. அதுவே கிட்ட வந்துச்சுன்னா எந்திரிச்சு மெதுவா பின்னாடி போகணும். ஆர்7ல சென்சார் சின்னது, அதனால 400ங்கறது 640 மாதிரி, 100 அடிக்கு ஒரு குதிரையோட தலையும் கழுத்தும் ஃப்ரேம நிறைக்கும், அதுக்கு மேல என்ன வேணும்.

அப்புறம் காதப் பாத்து பழகுங்க, எனக்கு போட்டோகிராஃபி கத்துக்குடுத்தது காமெராவ விட குதிரைக் காதுதான். ரெண்டு காதும் உங்கள நோக்கி விறைச்சு நின்னா நீங்க அதோட அமைதிய கெடுத்துட்டீங்கன்னு அர்த்தம், அப்ப எடுக்கற படம் பாக்க நல்லா இருக்கும் ஆனா அது உங்களுக்கு பயந்த குதிரையோட படம். ஒரு காது இந்தப் பக்கம் ஒரு காது அந்தப் பக்கம் தளர்வா ஆடுனா நிம்மதியா இருக்கு. காத பின்னாடி ஒட்ட மடிச்சு தலைய தரையோட தரையா நீட்டி பாம்பு மாதிரி ஆட்டிக்கிட்டு ஒரு ஸ்டாலியன், அதான் ஆண் குதிரை, வந்தா, அது தன் குடும்பத்த ஓட்டிட்டு போகப்போகுது, அடுத்த பத்து செகண்டுல கூட்டம் மொத்தமும் நகரும், ஷட்டர்ல விரல வைங்க. இன்னொண்ணு, ஸ்டாலியனுங்க சாணிய ஒரே இடத்துல குவியலா போட்டு வெக்கும், வேற குடும்பத்து ஸ்டாலியன் வந்தா ரெண்டும் அந்தக் குவியல்ல வந்து மோந்து பாக்கும், மூக்கோட மூக்கு வெச்சு ஒரு கீச்சுக் கத்தல், முன்னங்கால ஒரு உதறு, பெரும்பாலும் அதோட பிரிஞ்சு போயிடும், சில சமயம் பின்னங்கால்ல எந்திரிச்சு சண்டை. எல்லாரும் சண்டை படத்துக்கு எங்கெங்கயோ ஓடறாங்க, அந்தக் குவியல் தெரியுற இடமா பாத்து உக்காந்தாலே போதும்.

அங்க இருக்கிற குதிரைங்கள வெறும் "குதிரை"ன்னு எடுக்காதீங்கம்மா, அதுங்க தனி வம்சம். ஸ்பானியர் காலத்துக் குதிரையோட ரத்தம்னு டிஎன்ஏ சோதனைலயே தெரிஞ்சுது. எலி நிறத்துல இருக்கே, க்ரூயான்னு சொல்வாங்க, அதோட முதுகு நெடுக பிடரில இருந்து வால் வரைக்கும் மை தீட்டுன மாதிரி ஒரு கோடு ஓடும், முழங்கால் பக்கம் வரிக்குதிரை மாதிரி பட்டை பட்டையா இருக்கும். காலை பக்கவாட்டு வெளிச்சத்துல அந்தப் பட்டைய மட்டும் எடுத்துப் பாருங்க. 1968ல இந்த இடத்த இதுங்களுக்குன்னு ஒதுக்காம விட்டிருந்தா அரசாங்கமே பிடிச்சுட்டு போயிருக்கும், லவல் ஊர்க்காரங்க போராடித்தான் நிறுத்துனாங்க. 1971ல நாடு முழுக்க சட்டம் வந்துச்சு, தொந்தரவு பண்றதே குற்றம்.

பழைய லென்ஸ்:

மலைநடை அண்ணா சொன்னது எல்லாம் சரி, கண்ணு கறுப்பா அப்பிக்கிடக்குன்னு நீங்க சொன்னத மட்டும் நான் பாக்கறேன். ரெண்டு காரணம் இருக்கும். ஒண்ணு நேரம், நீங்க கைடு கூட போனா பத்து மணில இருந்து மூணு மணி வரைக்கும்தான் மேல இருந்திருப்பீங்க, 8,000 அடிக்கு மேல உச்சி வெயில் செங்குத்தா விழும், புருவ எலும்பு நிழல் கண்ணக் குழிக்குள்ள மூடிடும், எந்த காமெராவாலயும் ஒண்ணும் பண்ண முடியாது. அந்த நேரத்துல மேகம் வந்தா சந்தோஷப்படுங்க, மேக வெளிச்சத்துல கறுப்புக் குதிரையோட மயிர்ல கூட நீலமும் பழுப்பும் தெரியும். முடிஞ்சா சாயங்காலம் வரைக்கும் இருக்கிற மாதிரி கைடுகிட்ட பேசிப் பாருங்க, ஜூலைல ஒன்பது மணி வாக்குலதான் சூரியன் மறையுது.

ரெண்டாவது, அங்க குதிரைங்க மேட்டு விளிம்புல நிக்கும், பின்னாடி முழுக்க வானம். காமெரா வானத்த பாத்து ஏமாந்து குதிரைய இருட்டாக்கிடும். அப்ப காமெரால எக்ஸ்போஷர் காம்பன்சேஷன்னு இருக்கிற வெளிச்ச அளவ பிளஸ் 0.7ல இருந்து பிளஸ் 1 வரைக்கும் ஏத்துங்க, வானம் கொஞ்சம் வெளுத்தாலும் பரவால்ல. அதுவே கறுப்புக் குதிரை ஃப்ரேம் முழுக்க நிறைஞ்சு இருந்தா நேர் எதிரா மைனஸ் பண்ணணும், இல்லன்னா சாம்பல் பூசுன மாதிரி ஆயிடும். மேயறதுக்கு ஷட்டர் வேகம் 1/1000 போதும், குட்டிங்க ஓட ஆரம்பிச்சா 1/2000க்கு கீழ இறக்காதீங்க, அதுங்க எப்ப ஓடும்னு அதுங்களுக்கே தெரியாது. குடும்பமா நிக்கிறப்ப அபெர்ச்சர் எஃப்8, முன்னாடி குதிரை மட்டும் ஷார்ப்பா வந்து பின்னாடி அம்மா மங்கலா போனா மனசு கஷ்டமா இருக்கும்.

800 லென்ஸ் பத்தி, கோடை மத்தியானத்துல தரைல இருந்து கானல் எழும்பும், தூரம் கூடக் கூட படம் தண்ணிக்குள்ள எடுத்த மாதிரி நெளியும். லென்ஸ் நீளமானா அந்த நெளிவையும் சேத்துப் பெருசாக்கும். எனக்கு பிடிச்ச படமெல்லாம் 100லயும் 135லயும் எடுத்ததுதான், குதிரை சின்னதா, பின்னாடி மலையும் கேன்யனும் பெருசா, எங்க வாழுதுன்னு தெரியணும் இல்லையா. 400ல முகம் மட்டும் எடுத்தா அது ஏதோ ஒரு பண்ணைல எடுத்த மாதிரிதான் இருக்கும்.

பில்லிங்ஸ் வாசி:

வண்டி விஷயம் நான் சொல்றேன், இது விளையாட்டு இல்ல. சொந்த வண்டின்னா என்ன வண்டி? மேல போற பர்ன்ட் டிம்பர் ரோடும் சைக்ஸ் ரிட்ஜ் ரோடும் ரோடே இல்ல, படிக்கட்டு மாதிரி பாறை. அடிப்பாகம் தரைல இருந்து நல்லா உசரமா இருக்கிற ஹை கிளியரன்ஸ் ஃபோர் வீல் டிரைவ் இல்லாம அந்தப் பக்கம் திரும்பவே கூடாது. நாங்க ஒரு தடவை வாடகை எஸ்யூவில போனோம், ஃபோர் வீல் டிரைவ்னு சொல்லித்தான் குடுத்தாங்க, டயர் டவுன் ரோட்டுக்கு போடற மெலிசு டயர். பாதி ஏத்தத்துல ஒரு பாறை விளிம்பு டயரோட பக்கச்சுவர கிழிச்சுடுச்சு, ஸ்டெப்னி எடுத்தா அது சின்ன டோனட் டயர். போன்ல ஒரு கோடு கூட சிக்னல் இல்ல. அந்த டோனட்ட மாட்டிக்கிட்டு நடக்கற வேகத்துல மூணு மணி நேரம் இறங்கினோம், பின் சீட்ல எங்க அம்மா, அவங்க ஒரு வார்த்தை பேசல, அதுதான் எனக்கு இன்னும் உறுத்துது. அதுக்கு அப்புறம் முழு சைஸ் ஸ்டெப்னி, காத்தடிக்கிற பம்ப், சேட்டிலைட் மெசேஜ் கருவி மூணும் இல்லாம நான் ஏறினதில்ல.

கோடைல மத்தியானத்துக்கு மேல இடி மழை சர்வ சாதாரணம். மேடு முழுக்க வெட்டவெளி, இடி சத்தம் கேட்டதும் ட்ரைபாட மடிச்சுட்டு வண்டிக்குள்ள போயிடுங்க. மழை பேஞ்சா மண்ணு சோப்பு மாதிரி ஆயிடும், இறங்கவே முடியாது. கரடியும் உண்டு, சாப்பாட்ட வெளில வெக்காதீங்க.

டென்வர்ல இருந்து வர்றவங்களுக்கு நான் சொல்றது, முதல் நாள் கீழயே பாருங்க. லவல்ல இருந்து 37ஆம் நம்பர் ரோடு பிக்ஹார்ன் கேன்யனுக்குள்ள போகுது, நல்ல தார் ரோடு, எந்தக் காரும் போகும். கீழ வாழற கூட்டம் ஒண்ணு இருக்கு, ட்ரைஹெட் கூட்டம்னு சொல்வாங்க, கோடைல கூட மேல ஏறாது. விடியக்காலைல மெதுவா ஓட்டிட்டு போனா ரோட்டோரத்துலயே நிக்கும், கார் ஜன்னல்ல அரிசி மூட்டை மாதிரி ஒரு பீன்பேக் போட்டு அது மேல லென்ஸ வெச்சு எடுங்க, காருக்குள்ள இருக்கிற வரைக்கும் அதுங்க உங்கள ஆளா நினைக்கறது இல்ல. ஊர் ஓரத்துல இந்தக் காட்டுக்குதிரைங்களுக்கான மஸ்டாங் சென்டர் இருக்கு, போனதும் முதல்ல அங்க போங்க, எந்தக் குடும்பம் எங்க இருக்கு, மேல பனி உருகிடுச்சா, ரோடு எப்படின்னு அவங்ககிட்ட கேட்டா தெரியும். ஒவ்வொரு குதிரைக்கும் பேர் உண்டு, ஒரு வருஷத்துல பொறந்த குட்டிங்களுக்கு எல்லாம் ஒரே எழுத்துல ஆரம்பிக்கற பேர். உங்க போட்டோவ காட்டுங்க, பேர் சொல்லிடுவாங்க. ட்ரோன் இருந்தா வீட்டுலயே வெச்சுட்டு வாங்க, கேன்யன் ஏரியாவுல பார்க் சர்வீஸ் தடை, குதிரைய துரத்தறதுக்கு அதவிட மோசமானது ஒண்ணும் இல்ல.

டென்வர்காரி:

மூணு பேருக்கும் ரொம்ப நன்றி, மலைநடை அண்ணா சொன்னத படிச்சுட்டு போன வருஷ போட்டோ எல்லாத்தையும் திரும்ப வரிசையா பாத்தேன், முதல் போட்டோல இருந்தே காது என்னை நோக்கி விறைச்சுத்தான் இருக்கு, அடுத்தடுத்த போட்டோல திரும்புது, அப்புறம் போகுது. பாத்துட்டு கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்துட்டேன். லென்ஸ் வாங்கல. என் வண்டி சுபாரு, மேல ஓட்டிட்டு போகல, கைடுகிட்டயே பேசறேன்.

ஒரு கேள்வி மட்டும். மே கடைசில நாலு நாள் லீவு கிடைக்குது, மேல பனி இருக்கும்னு நினைக்கறேன், கீழ ட்ரைஹெட் கூட்டத்த மட்டும் பாக்க அவ்ளோ தூரம் வர்றது சரியா வருமா? அந்தக் குட்டி மாதிரி இன்னொண்ணு பாக்கணும்.

மலைநடை:

தாராளமா வாங்கம்மா, குட்டி போடற சீசனே ஏப்ரல்ல இருந்து ஜூன் வரைக்கும்தான், கீழ புல்லு பச்சையா இருக்கும். ஆனா பொறந்து ரெண்டு மூணு நாள் ஆன குட்டின்னா 100 அடிய மறந்துட்டு 200 அடி தள்ளி நில்லுங்க, அம்மாவும் குட்டியும் வாசனை பழகற நேரம் அது. வந்தா படுத்துத் தூங்கற குட்டிய தேடுங்க, அம்மா பக்கத்துலயே காவல் நிக்கும், எங்கயும் போகாது, உங்களுக்கு ஒரு மணி நேரம் கிடைக்கும். குட்டி எந்திரிச்சதும் முதல்ல உடம்ப முறிச்சு கொட்டாவி விடும், நேரா பால் குடிக்கப் போகும், அம்மா வயித்துக்கு இந்தப் பக்கம் இருந்து முட்டி கிடைக்கலன்னா அந்தப் பக்கம் வரும். நீங்க எந்தப் பக்கம் உக்காரணும்னு அப்ப உங்களுக்கே தெரியும்.