2019 கோடையில் எங்கள் தெரு தண்ணீரைப் பங்கிட்ட விதம்

சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் 2019 ஜூனில் ஏறக்குறைய வறண்டுவிட்டன. அப்போது வில்லிவாக்கம் பக்கம் குடியிருந்தோம். குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. தெருமுனை அடிபம்பை அடித்துக் கை ஓய்ந்ததுதான் மிச்சம். லாரி வந்தால்தான் உலை வைக்க முடியும்.

லாரி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. இரவே குடங்களை வரிசையில் வைத்துவிடுவோம். எல்லாம் ஒரே மாதிரி பிளாஸ்டிக் குடங்கள் என்பதால் கழுத்தில் பழைய புடவைக் கிழிசலைக் கட்டி அடையாளம் வைப்போம். முதலில் தினமும் சண்டைதான்; வலுத்தவர் கை ஓங்கியது. பிறகு இட்லிக் கடை அக்கா ஒருவர் நோட்டும் பேனாவுமாக லாரியருகே வந்து நின்றார். வீட்டுக்கு இத்தனை குடம், கைக்குழந்தை இருந்தால் ஒன்று கூடுதல், சொந்த வீடானாலும் வாடகை வீடானாலும் ஒரே கணக்கு. “உங்கள் வீட்டில் சம்ப் இருக்கிறது, தனியார் லாரி வாங்கவும் வசதி இருக்கிறது. குடத்தைக் கீழே வையுங்கள் அண்ணா” என்று தெருவின் பெரிய மனிதர் ஒருவரிடம் முகத்துக்கு நேரே சொன்னார். அவர் மறுபேச்சில்லாமல் வைத்தார். எந்தப் பதவியும் இல்லாத அந்த அக்காவை இன்றும் மனதார மதிக்கிறேன்.

ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து முதல் தண்ணீர் ரயில் வில்லிவாக்கத்துக்கே வந்தது. 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர். அங்கிருந்து குழாய் வழியாகக் கீழ்ப்பாக்கம் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போனது. எங்கள் வரிசை குறையவில்லை. நாளொன்றுக்குச் சுமார் 83 கோடி லிட்டராக இருந்த நகரின் விநியோகம் 52.5 கோடியாகச் சுருங்கியிருந்தபோது அந்த 25 லட்சம் எந்த மூலைக்கு? வந்த தண்ணீருக்கு நன்றி உண்டு. ஆனால் ரயிலை நம்பி ஒரு நகரம் வாழ முடியாது.

அக்கா அடுத்து வீடு வீடாகப் போய், மழைநீர்த் தொட்டி எங்கே வேலை செய்கிறது என்று எழுதத் தொடங்கினார். 2003-லேயே கட்டாயமாக்கப்பட்ட ஏற்பாடு அது. எங்கள் குடியிருப்பில் மூடியைத் தூக்கினால், ஜல்லியும் மணலும் இருக்க வேண்டிய குழியில் சிமெண்ட் சாக்கும் குப்பையும். மாடிக் குழாயோ நேராகத் தெருச் சாக்கடைக்குப் போனது. பல வீடுகளில் இதே கதை. எனக்கு ஆத்திரமாக வந்தது. மேஸ்திரி கூலியை வீட்டுக்காரர்கள் பகிர்ந்துகொண்டார்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே தூர்வாரி முடித்தோம்.

உங்கள் தெருவில் லாரித் தண்ணீரை யார், எந்தக் கணக்கில் பங்கிட்டார்கள்? அந்த ஏற்பாடு இன்றும் இருக்கிறதா? எழுதுங்கள்.