கொரிய ‘அமுடோ’வுக்குத் தமிழில் என்ன பெயர்?

நண்பர்களுக்கு வணக்கம்.

பெரும்பாலும் எதிர்மறையோடு மட்டுமே வரக்கூடிய சொல்லை மொழியியலில் ‘நெகட்டிவ் போலாரிட்டி ஐட்டம்’ என்பார்கள். அதற்குத் தமிழில் ‘எதிர்மறை முனைவுச்சொல்’ என்று ஒரு பரிந்துரை வந்திருக்கிறது. முனைவு என்றதும் காந்தமும் மின்கலமும்தான் நினைவுக்கு வருகின்றன. அந்தச் சொல் வாக்கியத்தில் என்ன செய்கிறது என்பது அதில் தெரியவில்லை. கொரிய மொழியை வைத்துப் பார்ப்போம்.

கொரியத்தில் ‘அமுடோ’ ஏறத்தாழ நம் ‘யாரும்’. ‘அமுடோ அன் வாஸோயோ’ என்றால் யாரும் வரவில்லை. ‘அன்’தான் எதிர்மறை, அதை எடுத்துவிட்டால் வாக்கியம் பிழை. நம் ‘யாரும்’ இவ்வளவு கறார் இல்லை, ‘யாரும் வரலாம்’ என்று உடன்பாட்டிலும் வரும். கொரியர்கள் அந்த இடத்துக்கு ‘அமுனா’ என்று வேறு சொல் வைத்திருக்கிறார்கள். ‘பாக்கே’ இன்னும் அழகு. ‘ஹனாபாக்கே ஒப்ஸோயோ’ என்பதன் பொருள் ‘ஒன்றுதான் இருக்கிறது’. வடிவமோ ‘ஒன்றுக்கு வெளியே இல்லை’.

தமிழைப் போலவே அங்கும் வினை கடைசியில்தான். ‘அமுடோ’ காதில் விழுந்ததுமே, எங்கோ பின்னால் ஓர் எதிர்மறை வரவேண்டும் என்று கேட்பவர் மனம் காத்திருக்கத் தொடங்குகிறது. ஆங்கிலத்திலும் ஜெர்மனிலும் பெரும்பாலும் எதிர்மறை முதலில் வந்துவிடும். மனம் பின்னோக்கித் தேடவேண்டும். அந்தத் தேடல் சில நேரம் ஏமாறுவதும் உண்டு. ஜெர்மனில் ‘யேமால்ஸ்’ (‘எப்போதாவது’ என்று பொருள்படும் இதே வகைச் சொல்) வரக்கூடாத இடத்தில் வந்தாலும், அதற்கு முன்னால் ஓர் உள்வாக்கியத்தில் சம்பந்தமில்லாத எதிர்மறை இருந்தால், படிப்பவர்கள் பிழையைக் கவனிக்காமல் தாண்டிவிடுவது சோதனைகளில் தெரிந்திருக்கிறது. அதனால் ‘எதிர்மறை எதிர்நோக்கி’ என்ற இன்னொரு பரிந்துரையும் கொரியத்துக்குப் பொருந்தும், ஜெர்மனுக்குப் பொருந்தாது.

திசை சொல்லாத சொல் நம் இலக்கண மரபிலேயே இருக்கிறது: அவாய்நிலை. ஒரு சொல் தன் பொருள் நிரம்ப இன்னொன்றை வேண்டி நிற்பதை உரையாசிரியர்கள் ‘அவாவி நிற்றல்’ என்றார்கள். அந்த வேட்கை எல்லாச் சொல்லுக்கும் பொது என்று யாராவது மறுக்கலாம். சரி, எதை அவாவுகிறது என்பதை முன்னால் சேர்த்துவிடுவோம்: எதிர்மறை அவாய்ச்சொல்.

எதிர்மறை இப்படி ஒரு சொல்லை வர அனுமதிப்பதை ஆங்கிலத்தில் ‘லைசென்சிங்’ என்பார்கள். அவாய்ச்சொல்லை எடுத்துக்கொண்டால் அதற்குப் பெயர் வைக்கும் சிக்கலும் தீர்கிறது. ‘உரிமம்’ வேண்டாம், அது அலுவலக வாசனை. பெயரெச்சம் பெயர் கொண்டு முடியும் என்று படித்திருக்கிறோமே, அதுபோல ‘அமுடோ எதிர்மறை வினை கொண்டு முடியும்’ என்று எழுதலாம். அந்த வினை, முடிக்குஞ்சொல்.

அப்புறம், தமிழும் கொரியமும் பிரிகிற ஓர் இடம். ‘யாரும் வந்ததாக மின்சு சொல்லவில்லை’ என்பது நமக்கு இயல்பான வாக்கியம். இதையே கொரியத்தில் ‘அமுடோ’ போட்டுச் சொன்னால் பிழை. ‘அமுடோ’ உள்வாக்கியத்தில் இருக்க, எதிர்மறை வெளிவினையில் நிற்கிறது. ‘யாரும் வரவில்லை என்று மின்சு சொன்னான்’ என்ற அமைப்பென்றால் சிக்கல் இல்லை. இரண்டும் ஒரே வாக்கியக்கூறுக்குள் இருந்தாகவேண்டும். இதற்கு ‘உடன்கூற்றுக் கட்டுப்பாடு’ என்பது என் பரிந்துரை. ‘அண்மைநிலை’ (சொற்கள் அருகருகே நிற்பது) என்று வைக்க ஆசைதான். ஆனால் இடையில் பல சொற்கள் வந்தாலும் கொரியம் ஏற்கிறது, எல்லையைத் தாண்டினால்தான் மறுக்கிறது.

‘யார் வந்தார்கள்?’ என்ற கேள்விக்கு ‘அமுடோ’ என்ற ஒற்றைச் சொல்லே விடையாகும். சொல்லாத எதிர்மறையைக் கேட்பவர் நிரப்பிக்கொள்கிறார். அங்கே முடிக்குஞ்சொல் தொக்கி (வெளிப்படாமல் மறைந்து) நிற்கிறது என்று எழுதலாமா? இலக்கணம் படித்தவர்கள் சொல்லுங்கள்.